நகரசபை நிலமும் விரைவு மின்னேற்று நிலையமும்

பெட்ரோல் விற்பனை நிலையத்தில் ஒரு மோட்டார் வண்டி நிற்கும் நேரம் சுமார் ஐந்து நிமிஷம். பத்து வண்டிகள் நிற்க இடமிருப்பின், ஒரு மணி நேரத்தில் நூற்றிருபது வண்டிகள் வந்து போகலாம். மின்சார வண்டியின் நிலை வேறு. மிக விரைவான முறையில் மின்னேற்றம் செய்தாலும், நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் சாதாரண மின்சாரக் காருக்கு சுமார் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதே பத்து இடங்களில் மணிக்குப் பதின்மூன்று வண்டிகளே இடம் பெறும். எனவே மின்சார வண்டிகள் பெருகப் பெருக, அவை நின்று மின்விசை பெறுவதற்கான நிலம் எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பே. நகரங்களில் நிலத்தின் விலையோ யாவரும் அறிந்தது. இந்நிலையில், நகரசபைக்கும் பிற பொது ஸ்தாபனங்களுக்கும் உரிமையான வண்டி நிறுத்துமிடங்கள், பஸ் முனையங்கள், சந்தை வளாகங்கள் முதலியவற்றின் மீது அரசாங்கத்தின் பார்வை திரும்பியுள்ளது. அந்த ஏற்பாட்டின் விவரங்களையும், அதில் கவனிக்கற்பாலனவற்றையும் ஈண்டுக் காண்போம்.

முதற்கண் ஒரு சொல் விளக்கம். வண்டியின் சேமக்கலத்தில் மின்விசையை நிரப்புவதை 'மின்னேற்றம்' என்று இக்கட்டுரையில் குறிப்பிட்டுள்ளோம். பள்ளிப் பாடநூல்களில் 'மின்னூட்டம்' என்ற சொல் வேறு பொருளில், அதாவது ஒரு பொருள் பெற்றிருக்கும் மின்னளவைக் குறிக்க, வழங்குகின்றது. ஆசிரியர்கள் இவ்விரண்டையும் மாணவர்கள் குழப்பிக் கொள்ளாதவாறு பார்த்துக் கொள்ளல் நலம். கடைத்தெருவில் யாவரும் 'சார்ஜ்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிவிடுகின்றனர். அவர்களுக்கு இடர்ப்பாடு ஒன்றும் நேர்வதில்லை.

விரைவு என்பது எவ்வாறு?

மின்வாரியம் நமக்கு வழங்குவது மாறு மின்னோட்டம். சேமக்கலம் ஏற்பதோ நேர் மின்னோட்டம் மட்டுமே. ஆகையால், இடையில் ஒரு திருத்தி வேண்டும். மெதுவான மின்னேற்றத்தில் இத்திருத்தி வண்டிக்குள்ளேயே அமைந்திருக்கின்றது. வண்டியின் எடையையும் விலையையும் கருதி அதைச் சிறியதாகவே அமைப்பர், 3.3 கிலோவாட் அல்லது 7.2 கிலோவாட் என்பது காரில் வழக்கமான அளவு. 30 யூனிட் கொள்ளக்கூடிய சேமக்கலத்தை 3.3 கிலோவாட் வீதம் நிரப்ப, இடையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துச் சுமார் பத்து மணி நேரம் ஆகும். இரவில் வீட்டு வாயிலில் வண்டியை நிறுத்தி வைப்பவருக்கு இதில் குறை ஒன்றும் இல்லை.

விரைவு முறையில் திருத்தி வண்டிக்கு வெளியே, ஓர் இரும்புப் பீரோ போன்ற பெட்டிக்குள் நிலத்தின் மேல் நிற்கின்றது. எடையைப் பற்றிய கவலை நீங்கிவிடுவதால், அதை 30, 60, 120 கிலோவாட் என்று எவ்வளவு பெரியதாகவும் அமைக்கலாம். நேர் மின்னோட்டம் தடித்த கம்பியின் வழியே நேரே சேமக்கலத்திற்குச் செல்கின்றது. மேற்கண்ட 30 யூனிட் சேமக்கலத்தில் பத்து சதவீதத்திலிருந்து எண்பது சதவீதம் வரை நிரப்ப 21 யூனிட் தேவை. 30 கிலோவாட் வீதம் ஏற்றினால் அதற்கு 42 நிமிஷம்.

எண்பது சதவீதத்தோடு ஏன் நிறுத்த வேண்டும் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். குறுகிய வாயுள்ள குடத்தில் நீர் வார்ப்பவர், தொடக்கத்தில் வேகமாக வார்த்து, நீர் கழுத்தை எட்டியதும் கையைத் தளர்த்துவது போன்றதே இது. லிதியம் சேமக்கலத்தில் அயனிகள் எதிர்முனையிலுள்ள கிராபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து இடம் பிடிக்க வேண்டும். ஏறக்குறைய எல்லா இடங்களும் நிரம்பிய பிறகும் மின்னோட்டத்தைக் குறைக்காமல் செலுத்தினால், உள்ளே இடம் பெறாத லிதியம் கிராபைட்டின் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். இதனால் சேமக்கலத்தின் ஆயுள் குறைவதுடன் தீ விபத்துக்கும் இடமுண்டாகும். ஆகவே வண்டியிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி, மின்னோட்டத்தைப் படிப்படியாகத் தானே குறைத்து விடுகின்றது. கடைசி இருபது சதவீதம் நிரம்ப, முதல் எண்பதுக்கு ஆன நேரமே ஆகிவிடுவதும் உண்டு. இது பௌதிக விஷயமாயினும், நகரசபையின் வரவு செலவோடும் தொடர்புடையது. எண்பதுக்கு மேலும் ஒருவர் வண்டியை எடுக்காமலிருந்தால், அந்த இடம் அடைபட்டே கிடக்கும். விற்பனையாகும் யூனிட்டோ சொற்பம்.

இவ்வளவு மின்விசை எங்கிருந்து வரும்? 60 கிலோவாட் கருவிகள் நான்கு ஒரே வளாகத்தில் இயங்கினால் 240 கிலோவாட் தேவைப்படும். வீடொன்றுக்கு 2 கிலோவாட் என்று கொண்டால், 120 வீடுகள் கொண்ட ஒரு தெருவுக்கு இது சமம். 250 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்றை ஏறத்தாழ முழுவதுமாக இது விழுங்கிவிடும். எனவே, காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் இதற்குத் தகுந்த இடமாகாது. உயர் அழுத்தக் கம்பி அருகில் செல்கின்றதா, தனி மின்மாற்றி வைக்க இடமுண்டா, கேபிள் புதைக்கச் சாலையை எத்தனை மீட்டர் தோண்ட வேண்டும், மழைக்காலத்தில் நீர் தேங்குமா என்ற நான்கையும் முதலில் பார்த்தல் வேண்டும். மின்னேற்றுப் பெட்டியின் விலையைக் காட்டிலும் மின்மாற்றிக்கும் கேபிளுக்கும் ஆகும் செலவு மிகுந்துவிட்ட இடங்களும் உண்டு.

நிலத்தின் வாடகை யூனிட்டுக்கு ஒரு ரூபாய்

மின்னேற்று நிலையம் நடத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி மின்விசை விற்பனையாகாது, அது ஒரு சேவையே. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்விசை அமைச்சகம் 13-4-2018 அன்று விளக்கம் அளித்தது. தனியாரும் இத்துறையில் இறங்க இவ்விளக்கமே வழி திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் முதல் வழிகாட்டு நெறிகள் வெளிவந்தன. 2019-இலும், பின்னர் 14-1-2022 அன்றும் அவை திருத்தப்பட்டன. நகரங்களில் மூன்று கிலோமீட்டர் நீளமும் மூன்று கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிலையமேனும், நெடுஞ்சாலைகளில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்றும் அமைய வேண்டுமென்று அந்நெறிகள் கூறின. 2024 செப்டம்பரில் வெளியான நெறிகள், நகரக் கட்டத்தின் அளவை 2030-க்குள் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டராகச் சுருக்க வேண்டுமென வகுத்துள்ளன.

நிலத்தைப் பற்றி 2022-ஆம் ஆண்டு நெறிகள் கூறியதே நம் பொருளுக்கு முக்கியமானது. அரசாங்கத்திடமோ பொது ஸ்தாபனத்திடமோ உள்ள நிலத்தை மற்றோர் அரசுத்துறை நிறுவனத்திற்கு மின்னேற்று நிலையம் அமைக்கக் கொடுத்தால், மாத வாடகைக்குப் பதிலாக, விற்பனையாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ரூபாய் வீதம் நிலத்துக்குரியவர் பெறுவார். ஒப்பந்தம் முதலில் பத்து ஆண்டுகளுக்கு. பணம் மூன்று மாதத்திற்கொரு முறை செலுத்தப்படும். தனியாருக்குக் கொடுப்பதாயின் ஏலமுறையைக் கையாளலாம். அதில் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் என்பதே அடிமட்ட விலை.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. இரண்டு வண்டிகள் நிற்கும் இடத்தில் 60 கிலோவாட் கருவி ஒன்று வைக்கப்பட்டதாகக் கொள்வோம். இடையறாமல் ஓடினால் நாளொன்றுக்கு 1,440 யூனிட் விற்கும். ஆனால் எந்த நிலையமும் இடையறாமல் ஓடுவதில்லை. நூற்றுக்குப் பதினைந்து பங்கு நேரம் முழு வேகத்தில் ஓடியதாகக் கொண்டால், 216 யூனிட். நகரசபைக்குக் கிடைப்பது 216 ரூபாய். ஐந்து பங்கு மட்டுமே ஓடினால் 72 ரூபாய். அதே இரண்டு இடங்களையும் மணிக்கு 20 ரூபாய்க் கட்டணத்தில் சாதாரண வண்டி நிறுத்தத்திற்கு விட்டு, நாளைக்குப் பத்து மணி நேரம் அவை நிரம்பியிருந்தால் 400 ரூபாய் கிடைக்கும். கருவி நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்கு ஓடினால்தான் நகரசபைக்குக் கட்டிவரும். சந்தடி மிகுந்த கடைத்தெரு நிறுத்துமிடத்தைப் பொறுத்தவரை, மின்னேற்று நிலையத்திற்கு நிலம் விடுவது வருமானத்திற்கான வழியன்று. நகர மக்களின் பணத்திலிருந்து வழங்கப்படும் மறைமுக உதவியே ஆகும். காற்றின் தூய்மைக்காக அவ்வுதவியைச் செய்வது தவறென்று எவரும் கூறார். ஆனால், உதவி என்று அறிந்து செய்ய வேண்டும். மன்றத்தின் தீர்மானத்திலும் அவ்வாறே எழுத வேண்டும்.

டில்லியில் கண்ட மாற்று வழி

இங்கே டில்லி மாநில அரசாங்கம் மேற்கொண்ட முறை கவனத்திற்குரியது. 7-8-2020 அன்று மின்சார வண்டிக் கொள்கையை வெளியிட்ட அவ்வரசாங்கம், 2021-இல் நூறு இடங்களில் சுமார் 500 மின்னேற்று முனைகள் அமைப்பதற்கு ஒரே டெண்டர் விடுத்தது. மாநிலத்தின் மின் கடத்தல் நிறுவனமான டில்லி டிரான்ஸ்கோ அதை நடத்தியது. பல இடங்கள் மெட்ரோ ரயில் நிலையங்களின் வண்டி நிறுத்துமிடங்கள். பஸ் முனையங்கள் முதலியனவும் உண்டு. நிலத்தைச் சலுகை நிபந்தனையில் பொதுத்துறை கொடுக்கும்; மின் இணைப்புக்கான அடிப்படைச் செலவை அரசாங்கம் ஏற்கும்; கருவி வைத்து நடத்துவது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. இதில் வெற்றி பெறுபவர், நிலத்துக்கு அதிகம் தருவதாகச் சொல்பவர் அல்லர்; வண்டிக்காரரிடம் மிகக் குறைந்த சேவைக் கட்டணம் வாங்குவதாகச் சொல்பவரே. 18-10-2022 அன்று இவற்றுள் முதல் பதினோரு நிலையங்கள், 73 மின்னேற்று முனைகளுடனும் சேமக்கலம் மாற்றும் வசதி பன்னிரண்டுடனும் திறந்து வைக்கப்பட்டன.

இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். நிலத்துக்கான தொகையை ஏற்றும் ஏலத்தில், ஒப்பந்தக்காரர் நகரசபைக்குக் கூடுதலாக ஒப்புக்கொண்ட ஒவ்வொரு காசும், இறுதியில் வாடகைக் கார் ஓட்டுபவரின் பையிலிருந்தே வரும். கட்டணத்தை இறக்கும் ஏலத்தில் நகரசபையின் பங்கு குறைவாகவே நிற்கும். ஆனால் பொது நிலத்தின் பயன் நேரே அதனை உபயோகிப்பவரைச் சேரும். நிலத்திற்கு நிர்ப்பந்தம் அதிகமில்லாத, வண்டிகள் மட்டும் மிகுந்த இடங்களில் இரண்டாம் முறையே சிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஒரு குறையும் உண்டு: மிகக் குறைந்த கட்டணத்திற்கு ஒப்புக்கொண்டவர், பழுதுபார்ப்பில் சிக்கனம் பிடிக்க முற்படக்கூடும். வருமானம் யூனிட் கணக்கில் வருவதால், கருவி கெட்டுக் கிடந்தால் நகரசபைக்கு ஒரு காசும் வராது. நிலமோ ஒப்பந்தக் காலம் முழுவதும் கட்டுண்டு கிடக்கும். ஆதலால், மாதத்தில் இத்தனை மணி நேரம் கருவி வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும், இல்லையேல் அபராதம், தொடர்ந்தால் நிலம் மீட்கப்படும் என்ற நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் தெளிவாகச் சேர்த்தல் அவசியம். வெகு நாள் ஓடாத கருவியின் முன்னால் பெட்ரோல் கார் ஒன்று நிழலுக்காக நிற்பதைத் தலைநகரில் இக்கட்டுரையாளர் ஒரு முறையன்றிப் பல முறை கண்டதுண்டு.

கருவியின் வகையும் மாறிக்கொண்டே வருகின்றது. தொடக்கத்தில் பொது இடங்களில் நிறுவப்பட்ட 'பாரத் டி.சி.-001' என்னும் 15 கிலோவாட் கருவி, அக்காலத்தில் ஓடிய 72 வோல்ட் கார்களுக்காக அமைந்தது. பின்னர் வந்த கார்களின் சேமக்கலங்கள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்டவை. அவற்றின் இணைப்பு முனை 'சி.சி.எஸ்.-2' என்ற வேறு வகை. பழைய கருவிகளால் அவற்றுக்குப் பயனில்லை. எனவே பத்தாண்டு ஒப்பந்தத்தில் கருவியை மாற்றும் கடமை யாருடையது என்பதையும் எழுதிவிட வேண்டும். மின்மாற்றியும் கேபிளும் பல ஆண்டுகள் உழைக்கும். பெட்டியை அவ்வாறு நம்புவதற்கில்லை.

யாருக்காக இந்த விரைவு?

இனி, அதிகம் பேசப்படாத ஒரு விஷயம். நம் நாட்டில் ஓடும் மின்சார வண்டிகளில் பெரும்பாலானவை கார்கள் அல்ல. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளே. டில்லியிலும் வட இந்திய நகரங்கள் பலவற்றிலும் தெருத்தோறும் காணப்படும் ஈ-ரிக்‌ஷாக்களில் ஏராளமானவை, நான்கு 12 வோல்ட் ஈய அமிலச் சேமக்கலங்களைத் தொடர் இணைப்பில் கொண்டவை. ஈய அமிலக் கலத்தை வேகமாக நிரப்பினால், வாயு வெளிப்பட்டுத் தகடுகள் கெடும். எட்டு முதல் பத்து மணி நேரம் மெதுவாகவே ஏற்ற வேண்டும். ஆகவே 60 கிலோவாட் பெட்டி இரவு பகலாக எரிந்து நின்றாலும், அதன் அருகில் சவாரிக்குக் காத்திருக்கும் ரிக்‌ஷாக்காரருக்கு அதனால் பயன் சிறிதும் இல்லை. அவருக்கு வேண்டியது இரவில் வண்டியை நிறுத்தக் காவலுள்ள ஓர் இடமும், நிலத்தொடர்பும் கசிவு காப்பும் உள்ள ஒரு சாதாரண மின்முனையுமே. அவை கிடையாதவர்கள் சந்துகளில் கம்பியை இழுத்து வண்டிகளை நெருக்கி நிறுத்தி மின்னேற்றுகின்றனர். மின் அதிர்ச்சிக்கும் தீக்கும் அது அழைப்பு விடுப்பதாகும்.

நகரசபையின் நிலம் யாவருக்கும் பொது. அதில் கார் வைத்திருப்பவருக்கு முக்கால் மணி நேர வசதியும், அன்றாடம் உழைத்துண்பவருக்கு ஒன்றுமில்லாமையும் என்று ஆகிவிடலாகாது. கேரளத்தில் அம்மாநில மின்வாரியம் 2021 அக்டோபரில் கோழிக்கோட்டில் கையாண்ட வழி இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. ஆட்டோ நிறுத்தங்களின் அருகிலுள்ள மின்கம்பங்களிலேயே சிறு மின்னேற்று முனைகளை அது பொருத்தியது. சோதனையாகப் பத்துக் கம்பங்களில் தொடங்கப்பட்டது. தனி நிலம் வேண்டியதில்லை. புதிய மின்மாற்றியும் வேண்டியதில்லை. ஆட்டோ வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நிற்கும். இருசக்கர வண்டி முதலிய இலேசான வண்டிகளுக்கென நம் நாட்டிலேயே உருவான ஓர் இணைப்பு முனையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் தரமாக ஏற்றதும் இத்துறையில் ஒரு நல்ல முன்னேற்றம். விரைவு நிலையத்திற்கென இழுக்கப்படும் கேபிளிலிருந்தே, அதே வளாகத்தின் ஒரு மூலையில் பத்து மெதுவான முனைகளுக்கும் மின்விசை கொடுக்கலாம். அதற்கு ஆகும் கூடுதல் செலவு சிறிது. டெண்டர் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

பள்ளிகளும் அலுவலகங்களும்

1-10-2024 முதல் நடைமுறைக்கு வந்த 'பி.எம். ஈ-டிரைவ்' திட்டத்தில், 10,900 கோடி ரூபாய் மொத்த ஒதுக்கீட்டில் 2,000 கோடி ரூபாய் பொது மின்னேற்று நிலையங்களுக்கென வைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் வெளியான அதன் வழிகாட்டு நெறிகளின்படி, அரசாங்க அலுவலகங்கள், குடியிருப்புகள், ஆஸ்பத்திரிகள், கல்வி நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களில், பொதுமக்கள் தடையின்றி வந்து உபயோகிக்க இடமளித்தால், மின் இணைப்புச் செலவுக்கும் கருவிக்கும் முழு மானியம் கிடைக்கும். ரயில் நிலையம், பஸ் நிலையம், நகரசபை வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றுக்கு இணைப்புச் செலவில் 80 சதவீதமும், கருவியில் 70 சதவீதமும் மானியம்.

முழு மானியம் என்ற சொல்லைக் கண்டு தலைமையாசிரியர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. பொதுமக்கள் தடையின்றி வருவது என்றால், பள்ளி நடக்கும் நேரத்திலும் அயலார் வண்டிகள் உள்ளே வந்து போகும் என்று பொருள். வெளிச் சுவரை ஒட்டி, தனி வாயிலுடன், குழந்தைகள் நடமாட்டத்திலிருந்து பிரித்து அமைக்க இடமிருந்தாலன்றி, விளையாட்டு மைதானத்தின் ஒரு பகுதியை இதற்கு விடுவதை இக்கட்டுரையாளர் ஆதரிக்க இயலாது. அலுவலகங்களின் நிலை வேறு. அங்கு வண்டிகள் பகல் முழுவதும் நிற்கின்றன. 2024-ஆம் ஆண்டு நெறிகள், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை, சூரிய ஒளி மின்விசை மிகுந்திருக்கும் நேரத்தில், மின்னேற்று நிலையத்திற்குக் கொடுக்கும் மின்விசையின் விலை சராசரி வழங்கு செலவில் 0.7 மடங்காகவும், ஏனைய நேரத்தில் 1.3 மடங்காகவும் இருக்கலாமென வகுத்துள்ளன. அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையமே கட்டணத்தை நிர்ணயிக்கும். மலிவான நேரமும், வண்டி நிற்கும் நேரமும் ஒன்றாக அமைவது அலுவலக வளாகத்தில்தான். அங்கு விரைவுக் கருவியே தேவையில்லை. 7 கிலோவாட் முனை பல இருந்தால் மாலைக்குள் வண்டிகள் நிரம்பிவிடும்.

களப்பணியாளர்கள் இடத்தைப் பார்வையிடச் செல்லும்போது, நில அளவையும் மின்மாற்றித் தூரத்தையும் குறித்துக் கொள்வதுடன், அவ்விடத்தை இப்போது உபயோகித்து வருபவர் யார் என்பதையும் குறித்துக் கொள்ள வேண்டும். பதிவேட்டில் 'காலி நிலம்' என்றிருக்கும் சந்தை ஓரத்தில் காலையில் காய்கறி வண்டிகள் நிற்கலாம். மாலையில் சிற்றுண்டிக் கடைகள் கூடலாம். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தின் கீழ் அமைந்துள்ள நகர விற்பனைக் குழு, அவ்விடத்தை வியாபாரத்திற்கென வகுத்திருக்கின்றதா என்று விசாரித்தறிதல் முறையாகும். ஒரு முறை பகலிலும், ஒரு முறை இரவு எட்டு மணிக்கு மேலும் சென்று பார்த்தால், வரைபடத்தில் காணாத பல விஷயங்கள் புலப்படும்.